அட்டையைத் திருப்பிப் பின்னால் இருப்பதைப் படிங்க

எங்கள் ஆஸ்பத்திரியின் பார்மசித் துறையில் நீல அட்டை போட்ட ஒரு நீள நோட்டு உண்டு. வார்டில் ரவுண்ட்ஸ் போகும்போது மருந்துச் சார்ட்டில் நாங்கள் கண்டுபிடிக்கிற கோளாறு, அதை டாக்டரிடம் சொன்னது, அவர் மாற்றியது, மாற்றாதது எல்லாம் அதில் ஏறும். கிரியேட்டினின் கூடிய, அதாவது சிறுநீரகம் சரியாக வேலை செய்யாதவருக்கு ஆன்டிபயாடிக் டோஸைக் குறைக்கச் சொன்னது, ஒரே மருந்து இரண்டு கம்பெனிப் பெயரில் ஓடிக்கொண்டிருந்ததைப் பிடித்தது, இட்லி சாப்பிட ஆரம்பித்த பிறகும் நரம்பில் ஏறிக்கொண்டிருந்த வயிற்றுப்புண் ஊசியை மாத்திரையாக மாற்றச் சொன்னது, இந்த மாதிரி. மாதக் கடைசியில் எத்தனை சொன்னோம், எத்தனையை ஏற்றுக்கொண்டார்கள் என்று எண்ணி ஒரு பக்கத்தில் எழுதி மேலே அனுப்புவோம். ஆடிட்டுக்கு வருகிறவர்கள் நோட்டைப் புரட்டிப் பார்த்துத் தலையாட்டுவார்கள். நாங்கள் சொன்னதில் முக்கால்வாசிக்கு மேல் டாக்டர்கள் ஏற்றுக்கொண்டதாக இருக்கும். சந்தோஷமாகத்தான் இருந்தோம்.

நான் ஈரோடு மாவட்டத்தில் ஒரு நடுத்தரத் தனியார் ஆஸ்பத்திரியில் கிளினிக்கல் பார்மசிஸ்ட். பார்ம்.டி படித்தவள். இந்தியாவில் அந்த ஆறு வருஷப் படிப்பு 2008-ல்தான் வந்தது, அதனால் நான் வேலைக்குச் சேர்ந்தபோது வார்டு சிஸ்டர்கள் என்னை 'கீழ மெடிக்கல்ல இருந்து வந்திருக்கிற பொண்ணு' என்றுதான் சொல்வார்கள். டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை, மருந்து எடுத்துக் கொடுக்கிறவளும் இல்லை, சார்ட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாளே, இவளுக்கு என்ன வேலை என்ற கேள்விக்கு ரொம்ப நாள் அந்த நீல நோட்டுதான் என் பதிலாக இருந்தது. அதனால் அந்த நோட்டில் இல்லாதது எதுவும் என் கண்ணில் படவில்லை என்று இப்போது தோன்றுகிறது.

தாளவாடிப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். அறுபதை ஒட்டிய வயது, சர்க்கரை, காலில் ஆறாத புண். பத்து நாள் இருந்தார். புண் தேறியது, இன்சுலின் தொடங்கினார்கள், பேனாவில் போட்டுக்கொள்கிற இன்சுலின், ராத்திரி சாப்பாட்டுக்கு முன் 16 யூனிட். டிஸ்சார்ஜ் அன்றைக்கு அவரையும் மகனையும் உட்கார வைத்து இருபது நிமிஷம் சொல்லிக்கொடுத்தேன். பேனாவில் ஊசி மாட்டுவது, இரண்டு யூனிட் காற்றில் தள்ளிப் பார்ப்பது, 16-க்குத் திருகுவது, குத்தி பத்து எண்ணுவது. மகன் இரண்டு தடவை செய்து காட்டினான், கெட்டிக்காரப் பையன். நோட்டில் 'கவுன்சலிங் கொடுக்கப்பட்டது' என்று டிக் போட்டேன்.

டிஸ்சார்ஜ் ஆன பத்தாவது நாள் காலையில் அவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். முந்தின ராத்திரி பத்து மணிக்கு உடம்பெல்லாம் வேர்த்து, பேச்சுக் குழறி, சட்டை நனைந்து கிடந்திருக்கிறார். உள்ளூரிலேயே குளுக்கோஸ் ஏற்றி உயிரைப் பிடித்துவிட்டார்கள். நடந்தது இதுதான்: பேனாவின் பொத்தான் இறுகிப்போய் அழுந்தவில்லை. மருந்து உள்ளே இருக்கிறது, வெளியே வரமாட்டேன் என்கிறது. பையன் பக்கத்து மருந்துக்கடையில் இன்சுலின் சிரிஞ்ச் ஒன்று வாங்கி, பேனாவுக்குள் இருந்த கண்ணாடிக் குழாயில் குத்தி, சிரிஞ்சில் 16 என்று போட்டிருந்த கோடு வரை இழுத்து அப்பாவுக்குப் போட்டிருக்கிறான்.

சிவப்பு மூடி சிரிஞ்ச். இதைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன், வீட்டில் இன்சுலின் போடுகிறவர் யாராவது இருந்தால் இந்தப் பத்தியை மட்டுமாவது அவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். நம் ஊர் கடையில் பாட்டிலில் வருகிற இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்கென்று செய்ததுதான் சிவப்பு மூடி சிரிஞ்ச், அதன் கோடுகள் அந்தக் கணக்கில் போட்டவை. பேனாவுக்குள் இருப்பது பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 100 யூனிட். சிவப்பு மூடி சிரிஞ்சில் 16 கோடு வரை இழுத்தால் உள்ளே வருவது 0.4 மில்லி. பாட்டில் மருந்தாக இருந்தால் அது 16 யூனிட். பேனா மருந்தாக இருந்தால் 40. இரண்டரை மடங்கு. பையன் ஒரு கோடுகூடக் கூட்டிக் குறைத்து இழுக்கவில்லை.

அதைவிட எனக்கு வலித்தது வேறு. பொத்தான் அழுந்தாத அன்று சாயங்காலம் அவன் எங்கள் ஆஸ்பத்திரிக்கு இரண்டு தடவை போன் செய்திருக்கிறான். டிஸ்சார்ஜ் சம்மரியில் அச்சடித்திருந்த நம்பர், ரிசப்ஷன் நம்பர். 'டாக்டர் ஓபியில் இருக்கார், காலைல கூப்பிடுங்க' என்று பதில் வந்திருக்கிறது. ரிசப்ஷனில் இருந்த பெண்ணைக் குறை சொல்ல முடியாது, அவளிடம் யாரும் இப்படி ஒரு கேள்வி வரும் என்று சொல்லவில்லை. தாளவாடியிலிருந்து எங்களிடம் வர திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவு இறங்கி, பண்ணாரி தாண்டி, சத்தியமங்கலம் வந்து, அப்புறம் பஸ் மாற வேண்டும். ராத்திரியில் அந்தப் பாதையில் வண்டிகளுக்குத் தடை வேறு. ஒரு சிரிஞ்ச் சந்தேகத்துக்கு யார் அவ்வளவு தூரம் வருவார்கள்? நானே வரமாட்டேன்.

அவர் தேறி வீட்டுக்குப் போன பிறகு நீல நோட்டை எடுத்து அவர் பெயருக்கு நேராக என்ன எழுதியிருக்கிறேன் என்று பார்த்தேன். சொன்ன யோசனை 2, ஏற்றுக்கொண்டது 2, கவுன்சலிங் டிக். நோட்டுக் கணக்குப்படி அந்த மாதத்திலேயே நாங்கள் சிறப்பாகப் பார்த்துக்கொண்ட ஆட்களில் அவரும் ஒருவர்.

அதற்கப்புறம்தான் மூன்றாம் நாள் போன் என்ற ஏற்பாட்டைத் தொடங்கினோம். டிஸ்சார்ஜ் ஆன மூன்றாம் நாள் கூப்பிடுவது, தேவைப்பட்டால் இரண்டாவது வாரம் இன்னொரு தடவை. பெரிய திட்டம் ஒன்றும் இல்லை, ஒரு பழைய செல்போன், ஒரு சிம், நானும் இரண்டு இன்டர்ன் பிள்ளைகளும்.

முதல் இரண்டு வாரம் அருமையாகப் போனது, அதாவது ஒன்றுமே நடக்கவில்லை. "மாத்திரை எல்லாம் ஒழுங்கா சாப்பிடறீங்களா?" என்று கேட்போம். "சாப்பட்றனுங்க." "ஏதாவது தொந்தரவு?" "ஒண்ணுமில்லீங்க." நன்றி சொல்லி வைத்துவிடுவோம். எல்லாரும் நலம் என்று அறிக்கை எழுதலாம் என்றே நினைத்துவிட்டேன். நம் ஆட்களிடம் 'ஒழுங்கா' என்ற வார்த்தையைப் போட்டுக் கேட்டால் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் கேட்ட மாதிரி 'ஆமாங்க சார்' என்றுதான் வரும். இது எனக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும், என் அப்பாவும் டாக்டரிடம் அப்படித்தான் சொல்வார்.

மாற்றியது அந்தியூர்ப் பக்கத்து ஆத்தா ஒருவர். அன்றைக்கு ஏதோ தோன்றி, "ஆத்தா, அந்த பிரஷர் மாத்திரை அட்டையைக் கொஞ்சம் கையில எடுங்களேன்" என்றேன்.

"எந்த அட்டைங்க கண்ணு? மஞ்சப்பையில இருக்கறதா, டப்பாவுல இருக்கறதா?"

மஞ்சள் பையில் இருந்தது நாங்கள் கொடுத்தது. டப்பாவில் இருந்தது 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாதாமாதம் வீட்டுக்கே வந்து கொடுத்துவிட்டுப் போவது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம், எங்கள் பக்கத்துக் கிராமங்களில் பிரஷர், சர்க்கரை உள்ள வயதானவர்கள் நிறையப் பேர் அதில்தான் மாத்திரை வாங்குகிறார்கள். ஆத்தா டப்பாவில் இருந்த ஆம்லோடிபினையும் போட்டு, எங்கள் மஞ்சப்பை மாத்திரையையும் போட்டிருக்கிறார். எங்கள் மாத்திரை இரண்டு மருந்து சேர்ந்தது, அதில் ஒன்று அதே ஆம்லோடிபின். கால் இரண்டும் வீங்கியிருந்தது. பேரன் கல்யாணத்துக்கு அலைந்ததால் வந்த வீக்கம் என்று நினைத்து எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். ஆம்லோடிபின் அதிகமானால் கால் வீங்கும், எங்கள் பாடப்புத்தகத்தில் முதல் வரியில் இருப்பது. தப்பு யார் பக்கம் என்றால் எங்கள் பக்கம்தான். அட்மிஷன் அன்று 'வீட்டில் என்ன மாத்திரை சாப்பிடறீங்க' என்று கேட்டு, 'பிரஷர் மாத்திரைங்க' என்ற பதிலை அப்படியே எழுதிக்கொண்டு போயிருக்கிறோம். வேறு எங்கிருந்தாவது மாத்திரை வருகிறதா என்று கேட்கவே இல்லை.

அன்றிலிருந்து எங்கள் போனில் 'ஒழுங்கா' கிடையாது. முதல் வேலை, வீட்டில் இருக்கிற மாத்திரை அத்தனையையும், பழையது, புதுசு, மாமியாருடையது, சாமி அலமாரியில் இருப்பது எல்லாவற்றையும் ஒரு முறத்திலோ தட்டிலோ கொட்டச் சொல்வோம். முறம் என்று சொன்னால் வயதானவர்களுக்கு உடனே புரிகிறது, சிரித்துக்கொண்டே கொண்டுவருகிறார்கள். அப்புறம் ஒவ்வொரு அட்டையாக எடுத்து, திருப்பிப் பின்னால் இருப்பதைப் படிக்கச் சொல்வது. இங்கிலீஷ் படிக்கத் தெரியாது என்றால் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை யாராவது எழுத்துக் கூட்டிப் படிக்கும், இல்லாவிட்டால் வாட்ஸ்அப்பில் போட்டோ. இன்றைக்கு மிச்சம் எத்தனை மாத்திரை என்று எண்ணச் சொல்வோம். கொடுத்தது பதினைந்து, மூன்று நாள் ஆகிவிட்டது, காலையும் ராத்திரியும் ஒவ்வொன்று என்றால் மிச்சம் ஒன்பது இருக்க வேண்டும். பன்னிரண்டு இருந்தால் ஒரு வேளைதான் போகிறது. திட்டமாட்டோம், 'ராத்திரி மாத்திரை சாப்பிட்டா என்ன பண்ணுது?' என்று மட்டும் கேட்போம். காரணம் தானாக வரும். ராத்திரி ஒன்றுக்கு எழுந்து போக வேண்டியிருக்கிறது, வெளியே கக்கூஸ், இருட்டு, பாம்பு பயம். நீர் பிரியும் மாத்திரையை இரவு வேளைக்கு எழுதியது நாங்கள். டாக்டரிடம் பேசி காலையும் மதியமுமாக மாற்றினால் முடிந்தது விஷயம்.

கடைக்காரர்கள் அட்டையைக் கத்திரித்துக் கொடுப்பது எவ்வளவு பெரிய தொல்லை என்பது போனில்தான் தெரிந்தது. பத்து மாத்திரை அட்டையில் நாலு வெட்டிக் கொடுத்தால் பெயர் ஒரு துண்டில், காலாவதித் தேதி இன்னொரு துண்டில். பாட்டி கையில் இருப்பது வெறும் வெள்ளித்தாள். எங்கள் கீழ்த்தளக் கடையில் பேசி, டிஸ்சார்ஜ் மருந்துக்கு மட்டும் முழு அட்டையாகக் கொடுப்பது, வெட்டியே ஆக வேண்டுமென்றால் துண்டின் பின்னால் மார்க்கரில் பெயர் எழுதுவது என்று ஒரு வழக்கம் கொண்டுவர ஆறு மாதம் ஆனது. உலகத்திலேயே மலிவான சீர்திருத்தம், ஒரு மார்க்கர் பேனா. அதற்கு மூன்று மீட்டிங்.

நான் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். ஒரு அம்மாவுக்கு வலி மாத்திரை ஐந்து நாளோடு நிறுத்த வேண்டியது, சிறுநீரகம் கொஞ்சம் சரியில்லாதவர். போனில் நான், "அந்தச் சின்ன வெள்ளை மாத்திரை இருக்கில்லைங்கம்மா, அது இன்னையோட போதும்" என்றேன். இரண்டாவது வாரம் கூப்பிட்டால் வலி மாத்திரை தொடர்கிறது, தைராய்டு மாத்திரை நின்றுவிட்டது. அதுவும் சின்னது, அதுவும் வெள்ளை. நல்லவேளை, தைராய்டு மாத்திரை பத்து நாள் நின்றதால் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. வலி மாத்திரையைப் பற்றித்தான் பயந்தேன். வரச் சொல்லி ரத்தம் எடுத்துப் பார்க்கும் வரை எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நிறம், அளவு, வடிவம் வைத்து மாத்திரையைச் சொல்வதை அன்றோடு விட்டேன். பெயர், அட்டையின் பின்னால் இருக்கிற பெயர், அதை அவர்கள் திருப்பிச் சொல்ல நான் கேட்க வேண்டும். இன்டர்ன்களிடமும் இதைத்தான் முதல் நாள் சொல்கிறேன், எனக்கு நடந்ததையும் சேர்த்து.

யாருக்குப் போன் செய்கிறோம் என்பதும் ஒரு பாடம். கேஸ் ஷீட்டில் இருக்கிற நம்பர் பெரும்பாலும் பணம் கட்டிய மகனுடையது. அவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் ஷிப்டில் இருப்பார், 'அம்மா நல்லா இருக்காங்கங்க' என்பார், அவர் ஊருக்குப் போய் பதினைந்து நாள் ஆகியிருக்கும். இப்போது டிஸ்சார்ஜ் நேரத்தில் நாங்கள் கேட்கிற கேள்வி, 'வீட்ல மாத்திரையை எடுத்துக் கொடுக்கிறது யாரு?' மருமகள் என்றால் மருமகள் நம்பர், பக்கத்து வீட்டு அக்கா என்றால் அவர் நம்பர், நோயாளியின் சம்மதத்தோடு. சில வியாதிகளை மருமகளுக்குக்கூடத் தெரியக்கூடாது என்று நினைப்பவர்கள் உண்டு, அதைக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். அங்கேயே அவர்கள் போனில் எங்கள் நம்பரை 'ஆஸ்பத்திரி மாத்திரை' என்று பதிந்து கொடுத்துவிடுவோம். தெரியாத நம்பர் என்றால் லோன் வேண்டுமா என்று கேட்பவர்கள் என நினைத்துக் கட் செய்கிறார்கள், நியாயம்தான். ஆதார் நம்பர், பாங்க் விவரம் எதுவும் நாங்கள் கேட்கமாட்டோம், கேட்டால் அது நாங்கள் இல்லை என்றும் சொல்லி அனுப்புகிறோம்.

நேரம்: காலை பத்து மணிக்குக் கூப்பிட்டால் வயல்காட்டில் இருப்பார்கள், அல்லது நூறு நாள் வேலையில். மாத்திரை வீட்டில் இருக்கும். சாயங்காலம் ஏழுக்கு மேல்தான் ஆளும் மாத்திரையும் ஒரே இடத்தில் இருக்கும். அதனால் என் டியூட்டி வாரத்தில் மூன்று நாள் மதியத்துக்கு மேல் என்று மாறியது. தாளவாடிப் பக்கம் கன்னடம் பேசுகிறவர்கள் நிறைய. தமிழும் தெரியும், ஆனால் மருந்து விஷயத்தைத் தாய்மொழியில் கேட்டால் பதில் நீளமாக வருகிறது. சாம்ராஜ்நகரிலிருந்து வந்த இன்டர்ன் ஒருத்தி இருந்த வருஷம் எங்களுக்குக் கிடைத்த தகவலில் பாதி அவள் கன்னடத்தால் கிடைத்தது.

போனால் முடியாததும் இருக்கிறது. ஆஸ்துமாவுக்கு இழுக்கிற மருந்து ஒன்று, கேப்ஸ்யூல் வடிவத்தில் இருக்கும், கருவியில் போட்டு உடைத்து உறிஞ்ச வேண்டும். 'ரெண்டு வேளையும் போடறேனுங்க' என்று ஒருவர் சொல்லிக்கொண்டே இருந்தார், மூச்சிரைப்பு குறையவில்லை. எண்ணிப் பார்த்தால் கணக்கும் சரி. வீடியோ காலில் போட்டுக் காட்டச் சொன்னேன். டம்ளரில் தண்ணீர் எடுத்து, கேப்ஸ்யூலை வாயில் போட்டு விழுங்கிவிட்டு என்னைப் பார்த்தார். கருவி டப்பாவோடு பிரிக்காமல் பீரோவில் இருந்தது, பத்திரமாக. அதனால் இழுக்கிற மருந்து, ஊசி, கண் சொட்டு இதெல்லாம் குரலில் கேட்டு 'சரி' என்று எழுதுவதில்லை, கண்ணால் பார்க்க வேண்டும். காது கேட்காதவர்கள், குழப்ப நிலையில் இருப்பவர்கள், ஐ.என்.ஆர் என்ற ரத்தப் பரிசோதனை பார்த்து ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், இவர்களுக்குப் போன் மட்டும் போதாது. நெஞ்சுவலி, கறுப்பாக மலம் போவது, முகம் வீங்குவது, மூச்சு முட்டுவது என்று யாராவது சொன்னால் மாத்திரைக் கதையை அங்கேயே நிறுத்திவிட்டு 108-ஐக் கூப்பிடச் சொல்லிவிட்டு, டாக்டருக்கும் சொல்ல வேண்டும். இதை ஒரு தாளில் எழுதிப் போனுக்கு மேல் சுவரில் ஒட்டியிருக்கிறேன்.

எங்கள் எல்லை எது என்பதையும் தெளிவாக வைத்துக்கொண்டோம். 2020 மார்ச்சில் மத்திய அரசு கொண்டுவந்த டெலிமெடிசின் வழிகாட்டு நெறிமுறைகள் பதிவு பெற்ற டாக்டர்களுக்கானவை, பார்மசிஸ்ட் தொலைவிலிருந்து கவனிப்பதற்கு அதில் இடம் இல்லை. மருந்தைப் பற்றி நோயாளிக்கு விளக்குவது எங்கள் வேலை என்று 2015 பார்மசி பிராக்டிஸ் ஒழுங்குமுறைகள் சொல்கின்றன, ஆனால் அது கவுன்ட்டருக்கு எதிரில் நிற்கும் நோயாளியை மனதில் வைத்து எழுதிய மாதிரி இருக்கும். அமெரிக்காவில் வடக்கு டகோட்டா மாநிலத்தில் 2001-லேயே கிராமங்களில் மருந்துக்கடை மூடிப்போகிறது என்பதற்காகத் தொலைதூர பார்மசிக்கு விதி செய்தார்கள். அங்கே பிரச்சனை கடை இல்லாதது. நம் ஊரில் கடை மூலைக்கு மூலை இருக்கிறது, விவரம் சொல்ல நேரம் உள்ள ஆள்தான் இல்லை. அதனால் அவர்கள் முறையை அப்படியே கொண்டுவந்து வைத்தால் நமக்குப் பொருந்தாது. நாங்கள் வைத்துக்கொண்ட விதி எளிது: டாக்டர் எழுதியதை விளக்குவோம், எழுதியதற்கும் வீட்டில் நடப்பதற்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்டுபிடிப்போம், மாற்ற வேண்டுமென்றால் டாக்டரை லைனில் சேர்த்து அவர் வாயால் சொல்ல வைப்போம். நாங்களாக ஒரு டோஸைக்கூடக் கூட்டுவதில்லை, குறைப்பதில்லை.

எதிர்பாராத ஒரு லாபம், பக்கவிளைவுகள் தெரியவந்தது. வார்டில் மூன்று நாள் இருக்கிறவரிடம் தெரியாதது மூன்றாவது வாரத்தில் தெரியும். ராமிப்ரில் சாப்பிடுகிற ஒருவர் வறட்டு இருமலுக்கு ஒரு மாதமாகக் கடையில் சிரப் வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தார், பிரஷர் மாத்திரையால் இருமல் வரும் என்று யாரும் சொல்லவில்லை. இந்த மாதிரி விஷயங்களை 2010 முதல் நடக்கிற தேசிய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்கு எழுதி அனுப்புகிறோம். 1800-180-3024 என்ற இலவச எண்ணில் நோயாளிகளே சொல்லலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

சரி, இதனால் பலன் உண்டா என்ற மதிப்பீட்டுக்கு வருகிறேன். ஒரு வருஷம் ஆனதும் நிர்வாகம் கேட்டது, 'இத்தனை போன் பண்ணியிருக்கீங்க, இதனால என்ன ஆச்சு?' நியாயமான கேள்வி. நான் முதலில் தயாரித்தது எத்தனை போன், எத்தனை பேர் எடுத்தார்கள், அவர்களில் எத்தனை பேர் திரும்ப அட்மிட் ஆனார்கள் என்ற தாள். போன் எடுத்தவர்களில் திரும்ப வந்தவர்கள் குறைவு, எடுக்காதவர்களில் அதிகம். பார்த்தால் போனால்தான் குறைந்தது மாதிரி அழகாக இருந்தது. மருத்துவப் பிரிவுத் தலைவர், ரொம்ப வருஷ அனுபவம் உள்ளவர், கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்: "ஏம்மா, போன் வச்சிருக்கிறவன், சார்ஜ் போடறவன், கூப்பிட்டா எடுக்கிறவன், அவனுக்கு வீட்ல பார்த்துக்க ஆள் இருக்குன்னுதானே அர்த்தம்? அவன் எப்படியும் நல்லாத்தான் இருப்பான்." அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். அவர் சொன்னது முழுக்க உண்மை. எடுக்காதவர்களைத்தான் நாங்கள் தேடிப் போயிருக்க வேண்டும்.

தேடிப் போகக் கால் இல்லை. ஆனால் அந்தியூர் ஆத்தா வீட்டுக்கு மாதாமாதம் மாத்திரை கொண்டுவருகிற அம்மா நினைவுக்கு வந்தார். அந்த ஊர்க்காரர், எல்லா வீடும் தெரியும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் முறையாகப் பேசி அனுமதி வாங்கி, மூன்று கிராமங்களில் மட்டும் முயற்சி செய்தோம். போன் எடுக்காதவர் வீட்டுக்கு அவர் போகும்போது தன் போனிலிருந்து எங்களுக்கு வீடியோ கால் போடுவார், முறத்தில் மாத்திரையைக் கொட்டி ஒவ்வொன்றாகக் காட்டுவார். சிக்னல் இல்லாத வீடு என்றால் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டிப் பக்கம் வந்து அனுப்புவார். பத்துப் பன்னிரண்டு வீடு போனதும் எனக்குப் புரிந்தது, நாங்கள் வருஷக்கணக்கில் செய்த மொத்த மதிப்பீடும் எளிதான வீடுகளைப் பற்றியதுதான். ஒரு வீட்டில் வாரத்துக்கு ஒரு தடவை போட வேண்டிய மூட்டுவாத மாத்திரை, மெத்தோட்ரெக்சேட், தினமும் போய்க்கொண்டிருந்தது, நான்கு நாளாக. வாய்ப்புண் தொடங்கியிருந்தது. அன்றைக்கே வண்டி பிடித்துக் கூட்டிவந்தோம். அந்த ஒருவர் எங்கள் பழைய கணக்கில் 'போன் எடுக்கவில்லை' என்ற ஒரு கோடு, அவ்வளவுதான்.

இப்போது மாதக் கடைசியில் எழுதுவது வேறு மாதிரி. வார்டில் சொன்ன யோசனைகளை எண்ணுவதை விடவில்லை, ஆனால் ஒவ்வொன்றுக்கும் 'சொல்லாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்' என்று அந்த நோயாளியைப் பார்க்காத இன்னொரு டாக்டர் மதிப்பெண் போடுகிறார். எண்ணிக்கையை மட்டும் கேட்ட காலத்தில் இன்டர்ன்கள் ஊசியை மாத்திரையாக்கு என்பதையே இருபது தடவை எழுதி நோட்டை நிரப்புவார்கள், அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, நாங்கள் கேட்டது அதுதானே. கூடவே, டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதியதும் வீட்டு முறத்தில் இருப்பதும் எத்தனை இடத்தில் வேறுபடுகிறது என்று தனிக்கணக்கு. போன் எடுக்காதவர்கள் பட்டியல் தனி, அதுதான் முதல் பக்கம். இந்தப் பக்கத்தைப் பார்த்தால் எங்கள் துறை முன்னைவிட மோசமாக வேலை செய்கிற மாதிரி தெரியும். முதல் மாதம் அனுப்பிவிட்டு உண்மையிலேயே பயந்தேன்.

நஷ்டமும் உண்டு. ஒரு போன் நல்லபடியாக முடிய இருபது இருபத்தைந்து நிமிஷம் ஆகும். அந்த நேரம் வார்டிலிருந்து எடுத்ததுதான். ஐசியூ ரவுண்ட்ஸுக்கு நான் வாரத்தில் மூன்று நாள் போவதில்லை, அங்கே என் கண்ணுக்குத் தப்பியது என்னவென்று எந்த நோட்டிலும் இருக்காது. எல்லாருக்கும் போன் செய்வதையும் நிறுத்திவிட்டோம். இன்சுலின், ரத்தம் உறையாமைக்கான மருந்து, வாரம் ஒரு முறை மாத்திரை, ஐந்துக்கு மேல் மாத்திரை உள்ளவர்கள், இரண்டு இடத்தில் மருந்து வாங்குகிறவர்கள், தனியாக இருக்கிற வயதானவர்கள், இவர்களுக்கு மட்டும். சின்ன ஆஸ்பத்திரியில் யாராவது இதைத் தொடங்க நினைத்தால் இன்சுலினிலிருந்து தொடங்குங்கள், அதுவும் ரிசப்ஷனில் இருப்பவரிடம் 'மருந்து சந்தேகம் என்றால் இந்த நம்பருக்கு மாற்றிவிடு' என்று சொல்லிக் கொடுப்பதிலிருந்து. எங்களுக்கு அந்த ஒரு வாக்கியம் இருந்திருந்தால் தாளவாடிக்காரர் அந்த ராத்திரி நனைந்த சட்டையோடு கிடந்திருக்க மாட்டார்.

காசு விஷயம் இன்னும் முடியவில்லை. ஸ்கேனுக்குப் பில் இருக்கிறது, பெட்டுக்குப் பில் இருக்கிறது, இருபத்தைந்து நிமிஷப் போனுக்கு எந்தத் தலைப்பில் பில் போடுவது என்று கணக்குப் பிரிவு இன்றைக்கும் கேட்கிறது. சிம் ரீசார்ஜ் இப்போதைக்கு ஸ்டேஷனரிச் செலவில் போகிறது.

தாளவாடிப் பையன் போன மாதம் கூப்பிட்டான். பேனா நன்றாக இருக்கிறதாம், அப்பாவுக்கு இப்போது 12 யூனிட். ஊரில் இன்னொருவர் புதிதாக இன்சுலின் தொடங்கியிருக்கிறார், அவர் வீட்டில் சிரிஞ்ச் இருக்கிறது, மூடி என்ன நிறம் என்று பார்த்தேன், பாட்டில் மருந்துதான், சரிதானே அக்கா என்றான். போட்டோ அனுப்பச் சொன்னேன். பாட்டிலையும் சிரிஞ்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பாட்டில் லேபிளில் 40 என்பது தெரிகிற மாதிரி எடுத்து அனுப்பியிருந்தான்.